ஏணிச் சங்கிலியா, டைமண்ட் சங்கிலியா? பனியில் ஓடும் மினி டிராக்டருக்கு எது சரி

பனிக்காலத்துக்கு மினி டிராக்டரின் பின் டயர்களில் சங்கிலி மாட்டப் போகிறவர் முன்னால் இரண்டு ரகம் வந்து நிற்கும். ஒன்று ஏணிச் சங்கிலி, இன்னொன்று டைமண்ட் சங்கிலி. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு டைமண்ட் பக்கம் வந்தவன் நான். அதனால் இதில் சாய்வு இருக்கும், இருக்கட்டும். ஏணியே போதும் என்கிற இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஏணிச் சங்கிலியில் டயரின் இரு பக்கமும் ஒவ்வொரு பக்கச் சங்கிலி, அவற்றுக்கு நடுவே படி படியாகக் குறுக்குச் சங்கிலிகள். பக்கச் சங்கிலியின் நான்கு கண்ணிக்கு ஒரு குறுக்கு வந்தால் அது மலிவு ரகம். இரண்டு கண்ணிக்கு ஒன்று வந்தால் நெருக்கமான ரகம். ஏணிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு கண்ணி ரகத்தையே வாங்குங்கள். நான்கு கண்ணியில் டயர் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தடதடவென்று இறங்கி ஏறும். இரண்டு படிக்கு நடுவில் வெறும் ரப்பர் மட்டும் ஐஸில் நிற்கும் நேரமும் வரும். டைமண்டில் சங்கிலிகள் கோணலாக ஓடி, ஒன்றோடொன்று சேர்ந்து சாய்சதுரக் கட்டங்களாக டயரை மூடிக்கொள்ளும். சக்கரம் எந்த நிலையில் நின்றாலும் தரையில் ஏதோ ஒரு கண்ணி அழுந்தியிருக்கும், ஓட்டமும் சீராக இருக்கும்.

விலையும் எடையும் டைமண்டில் கூடுதல். அதில் பேச ஒன்றுமில்லை. ஒரு சக்கரத்துச் சங்கிலியைத் தூக்கி டயர் மேல் போடவே இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. ஏணியை ஒருவரே மாட்டிவிடலாம்.

அப்படியிருந்தும் நான் டைமண்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, பக்கவாட்டுப் பிடி. சங்கிலி என்றாலே பலரும் முன்னே இழுக்கும் பிடியை மட்டும்தான் யோசிக்கிறார்கள். மேட்டில் ஏறுமா, சக்கரம் சும்மா சுற்றாமல் இருக்குமா என்பதே கேள்வியாக இருக்கிறது. அந்தக் கேள்விக்கு இரண்டு கண்ணி ஏணியும் நல்ல பதிலே சொல்லும். நேர் பாதையில் பனியை அள்ளிக்கொண்டு முன்னும் பின்னும் போவதற்கு ஏணியைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் குறுக்குச் சங்கிலி கிடக்கிற திசையைக் கொஞ்சம் பாருங்கள். டயர் உருளும் திசைக்குச் செங்குத்தாக, இடமிருந்து வலமாகக் கிடக்கிறது. முன்னே பின்னே தள்ளினால் அதன் முழு நீளமும் ஐஸைப் பிறாண்டிப் பிடிக்கும். பக்கவாட்டில் தள்ளினால் அதே சங்கிலி தன் நீளவாக்கிலேயே வழுக்கிக்கொண்டு போகும். சறுக்கு வண்டியின் அடிப்பட்டை மாதிரி. அதாவது ஏணிச் சங்கிலி மாட்டிய சக்கரம் பக்கவாட்டில் நகர்வதைச் சங்கிலி அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஐஸின் மேல் உலோகம் நிற்பதால் வெறும் ரப்பரைவிட மோசமாகக்கூடச் சறுக்கலாம். டைமண்டில் கோணலாக ஓடும் ஒவ்வொரு துண்டும் இரண்டு திசையிலும் பிறாண்டும். இதுதான் வித்தியாசம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பக்கவாட்டில் யார் தள்ளப் போகிறார்கள் என்று கேட்கலாம். முதலில் பாதையே தள்ளும். மழைநீர் வடிய ஒரு பக்கம் சாய்த்துப் போட்ட பாதையில் பனி இறுகி ஐஸாகிவிட்டால், டிராக்டரின் பின்பக்கம் மெல்ல மெல்ல ஓரத்துக்கு இறங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம்தான் திரும்பும், பின்பக்கம் தன் போக்கில் போகும். இப்படி இறங்குகிற சக்கரம் ஓரத்துக் கல்லில் சட்டென்று தட்டி நின்றால் வண்டி கவிழக்கூடும். மினி டிராக்டர் அகலம் குறைந்தது, முன்னால் பக்கெட்டோடு இருக்கும் லோடரைத் தூக்கி வைத்திருந்தால் எடையும் உயரத்தில் இருக்கும்.

இரண்டாவதாக, பிளேடு தள்ளும். பின்னால் மாட்டும் பிளேடைக் கோணலாகத் திருப்பிப் பனியை ஒரு ஓரமாக ஒதுக்குவதுதான் வழக்கமான வேலை. பனி வலப்பக்கம் ஒதுங்குகிறதென்றால், அதே விசையில் அது டிராக்டரின் வாலை இடப்பக்கம் தள்ளுகிறது. பனி ஈரமாகி எடை கூடக் கூட அந்தத் தள்ளலும் கூடும். ஏணி மாட்டி ஓட்டும்போது, கனமான பனியில் பிளேடை நேராக்கிக்கொண்டு பல நடை தள்ள வேண்டியிருந்தது. டைமண்ட் மாட்டியபின் அதே பாதையில் பிளேடைக் கோணலாகவே வைத்து ஒதுக்க முடிகிறது, வால் இருந்த இடத்தில் நிற்கிறது. எனக்கு இந்த ஒரு வேலைக்காகவே கூடுதல் விலை சரிதான் என்று தோன்றிவிட்டது.

முன்னால் பிளேடு மாட்டியவர்களுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே முதலில் தள்ளப்படுவது மூக்கு. பின்னால் டைமண்ட் இருந்தாலும் முன் டயர்கள் வெறுமனே இருந்தால் மூக்கு விலகத்தான் செய்யும். உங்கள் பாதை சமதளம், வேலையும் லோடர் பக்கெட்டிலோ ஸ்னோ புளோயரிலோதான் என்றால் பக்கவாட்டுத் தள்ளல் கிட்டத்தட்ட இல்லை. அப்போது இரண்டு கண்ணி ஏணி வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து டயர் ரகம். சில டயர்களில் இதுவே முடிவைச் சொல்லிவிடும். உழவு டயரில், அதாவது ஆர்1 ரகத்தில், பட்டன்கள், அதாவது ரப்பர் மேடுகள், உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கும். ஏணியின் குறுக்குச் சங்கிலி அந்தப் பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் இறங்கி ஒளிந்துகொள்ளும். வெளியே பார்த்தால் சங்கிலி மாட்டியிருக்கும், தரையில் படுவது பட்டன் மட்டும். டைமண்ட் கட்டம் பட்டன்களின் தலை மேல் வலையாக விரிந்து நிற்பதால் இறங்காது. ஆகவே ஆர்1 டயர் என்றால் ஏணியை மறந்துவிடுங்கள். ஆர்4 என்கிற தொழில் டயரில் பட்டன் அகலம், பள்ளம் குறைவு; ஏணி மேலேயே நிற்கும். ஆனால் ஐஸில் சங்கிலி இல்லாமல் மிக மோசமாக வழுக்குவதும் இந்த ஆர்4தான், அதன் அகலமான மொழுக்கென்ற முகத்தில் ஐஸைக் கடிக்க விளிம்புகள் குறைவு. புல்தரை டயர் பொடிப் பொடிப் பட்டன்களோடு சாதாரணப் பனியைச் சங்கிலி இல்லாமலே ஓரளவு சமாளிக்கும்.

சங்கிலியின் அளவை டிராக்டர் மாடலை வைத்து வாங்காதீர்கள். ஒரே மாடலுக்கு 11.2-24 உழவு டயரும் வரும், 43x16.00-20 ஆர்4 டயரும் வரும். இரண்டுக்கும் சங்கிலி வேறு. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதையே சொல்லி வாங்க வேண்டும்.

வாங்கும் முன் அளந்தே ஆக வேண்டியது இடைவெளி. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில், டயருக்கும் கீழ் லிங்குக்கும் (பின்னால் கருவி மாட்டும் கை) நடுவில், பிரேக் ராடு போகிற இடத்தில், லோடர் சட்டத்தின் பக்கத்தில் என்று சுற்றிலும் அளந்து பாருங்கள். டயரின் உட்புறத்தில்தான் இடம் நெருக்கடி, சங்கிலி தெறித்து அடிப்பதும் அங்கேதான். இருப்பதிலேயே குறுகலான இடத்தில் 2 அங்குலமாவது இருந்தால்தான் எனக்கு மனம் ஒப்பும். லிங்கைத் தூக்கியும் இறக்கியும், இரண்டு பக்கம் ஆட்டியும் பார்க்க வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டு வழி உண்டு. சில ரிம்களைக் கழற்றித் திருப்பி மாட்டினால் டயர் வெளியே தள்ளி நிற்கும். அதற்கு வழியில்லாத ரிம் என்றால் வீல் ஸ்பேசர், அதாவது ரிம்முக்கு உள்ளே வைத்து அதை வெளியே தள்ளும் துண்டு, போட வேண்டும். ஸ்பேசர் போட்டால் வண்டியின் அகலமும் கூடுகிறது, சரிவில் அது நல்லதுதான். நட்டுகளைச் சிறிது நேரம் ஓட்டியபின் மறுபடி முறுக்கிப் பார்ப்பதை மட்டும் விடக்கூடாது.

மாட்டும் விதம் இரண்டு ரகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பனி விழுந்தபின் ஈரத்தில் விரல் விறைக்க மாட்டுவதைவிட, அதற்கு முன்பே காய்ந்த சமதரையில் ஒரு முறை மாட்டிப் பார்த்துவிடுவது நிம்மதி. முதலில் சங்கிலியைத் தரையில் விரித்து முறுக்கில்லாமல் நீவி விடுங்கள். ஒரு கண்ணி புரண்டிருந்தாலும் மாட்டியபின் அந்த இடம் மட்டும் குட்டையாகி இழுக்கும். கொக்கிகளின் வாய் டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். உள்ளே பார்த்திருந்தால் அதன் முனை பக்கச் சுவரைக் கீறிக்கொண்டே இருக்கும். பிறகு சங்கிலியை டயர் மேல் போர்த்தி, இரு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டு, உட்பக்கக் கொக்கியை முதலில் மாட்டிவிட்டு வெளிப்பக்கத்துக்கு வாருங்கள். வெளிப்பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டால் உள்ளே கை நுழைத்து இழுக்க எதுவும் மிஞ்சாது.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் வேலை சுலபம், சுற்றிச் சுற்றி மாட்டலாம். ஆனால் இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. சில டிராக்டர்களில் நிறுத்தும் பிரேக் கியர்பாக்ஸ் வழியாகத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கியதும் டிஃபரென்ஷியல் (இரு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) வழியாக அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், தரையில் நிற்கிற மறு சக்கரத்தில் பிடி இருக்காது, வண்டி உருண்டுவிடும். எந்த வகைப் பிரேக்காக இருந்தாலும் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்குக் கீழே ஸ்டாண்டும் நிறுத்துங்கள்.

ஜாக்கி இல்லாமலும் ஒரு வழி உண்டு. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் சங்கிலியை மாட்டி, பிறகு பழைய அளவுக்கு ஏற்றினால் அதுவே இறுகிக்கொள்ளும். எடைக்காக டயருக்குள் நீர்மம் நிரப்பியிருந்தால், வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தை நிறுத்திக்கொண்டுதான் காற்றை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக்குப் பதில் உள்ளே இருப்பது பீய்ச்சி அடிக்கும்.

மாட்டியபின் கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். சங்கிலி டயரில் உட்கார்ந்து, கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும். அந்த இரண்டாவது இறுக்கம்தான் உண்மையான இறுக்கம். அதற்காக ரப்பரில் பதியும் அளவுக்கு முறுக்க வேண்டாம். ஓட ஓடச் சங்கிலி டயரின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நகராமல் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்து ரப்பரையே தின்னும். கடைசிக் கொக்கிக்குப் பிறகு மிஞ்சித் தொங்கும் கண்ணிகளைக் கம்பியால் கட்டிவிடுங்கள், அல்லது அளந்து வெட்டிவிடுங்கள். மட்கார்டைச் சொட்டை விழ அடிப்பது பெரும்பாலும் அந்தத் தொங்கல்தான்.

ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால் அது பின்னுக்கே. மினி டிராக்டர்களில் பெரும்பாலும் பிரேக் பின் சக்கரத்தில்தான் இருக்கும். முன்னால் மட்டும் சங்கிலி மாட்டிச் சரிவில் இறங்கினால், பிரேக் பிடித்ததும் பின்பக்கம் சறுக்கி முன்னுக்கு வரப் பார்க்கும். ஃபோர் வீல் போட்டு இறங்கினால் பிரேக்கின் பலம் முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் போகும். பனியில் இறக்கத்தில் ஃபோர் வீலை எடுக்காமல் இருப்பது அதனால்தான். முன் டயர்களுக்கும் சேர்த்து மாட்டுவதில் எனக்கு அனுபவம் குறைவு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் சங்கிலி லோடர் சட்டத்தில் உரச வாய்ப்பு அதிகம், சில டிராக்டர்களின் கையேட்டில் முன்னுக்குச் சங்கிலி வேண்டாம் என்றே எழுதியிருக்கும். அதைப் படித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

லோடரில் பனியை அள்ளும்போது பின்பக்கம் லேசாகிவிடும். எவ்வளவு நல்ல சங்கிலியும் மேலே எடை இல்லாவிட்டால் ஐஸில் இறங்காது. பின் லிங்கில் கனமான ஒன்றை மாட்டியோ, வீல் எடை போட்டோ, டயரில் நீர்மம் நிரப்பியோ அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கால்சியம் குளோரைடு கரைசல் நல்ல எடை தரும், உறையாது. ஆனால் கசிந்தால் ரிம்மை அரித்துவிடும்.

பராமரிப்பில் மட்டும் ஏணி ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு குறுக்குச் சங்கிலி தேய்ந்து அறுந்தால் அந்த ஒன்றைக் கழற்றிப் புதிதாக மாட்டிவிடலாம், கொக்கியை விரித்து மூட ஒரு நல்ல இடுக்கி போதும். டைமண்டில் ஒரு கண்ணி போனால் பக்கத்துக் கட்டங்களும் தளர்ந்துவிடும், இணைப்புக் கண்ணி வாங்கித்தான் ஒட்ட வேண்டும். இரண்டையும் சீக்கிரம் தின்பது பனி இல்லாத வெறும் கான்கிரீட். கான்கிரீட்டுக்கும் அது நல்லதில்லை, சக்கரத்தை நின்ற இடத்தில் ஒடித்துத் திருப்பினால் கோடு விழுந்துவிடும். பாதை பாதி நாள் வெறுமையாகக் கிடக்கும் என்றால், டயரில் திருகிப் பொருத்தும் கார்பைடு ஆணிகளை யோசிக்கலாம். அவற்றுக்கு மட்கார்டு இடைவெளிக் கவலை குறைவு. ஆனால் ஆழமான பனியில் சங்கிலி தோண்டுவது போல் அவை தோண்டா.

பனிக்காலம் முடிந்து கழற்றும்போது இடது வலது அடையாளத்துக்குக் கொக்கியில் ஒரு துண்டுக் கம்பி கட்டி வைப்பேன். பாதையில் உப்பு போட்டிருந்தால் சங்கிலியை நன்றாக அலசி, காயவிட்டு, எண்ணெய் தடவித் தொங்கவிட வேண்டும். தொங்கும்போதே கண்ணிகளின் வளைவுகளைப் பார்த்துவிடுங்கள், ஒன்றையொன்று உரசும் இடத்தில்தான் தேய்மானம் முதலில் தெரியும். பாதிக்கு மேல் மெலிந்த கண்ணியை அப்போதே மாற்றிவிட்டால் அடுத்த பனிக்குச் சங்கிலி தயார்.