லோடு வண்டி உதறினால் உடனே கிளட்ச் பிளேட்டை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

வாங்கி ஓராண்டு கூட நிறைவடையாத எங்கள் டீசல் பிக்கப் வண்டி, கோயம்பேடு சந்தையில் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் முதல் கியரில் உதறியது. கியரை மாற்றிக் கிளட்சை விட்டால் அடிப்பக்கம் ‘டக்’கென்று ஓர் அடி விழுந்து, வண்டி குலுங்கி முன்னே பாய்ந்தது. சுமை இல்லாதபோது இந்தக் கோளாறு தெரியவே இல்லை. சர்வீஸ் சென்டரில் இதைத்தான் முதலில் சொன்னோம்.

அவர்களோ காலி வண்டியை ஒரு தெரு சுற்றிவிட்டு வந்து, வண்டி ஓட்டும் என் தம்பியிடம், “கிளட்சில் கால் வைத்தே ஓட்டுகிறீர்கள், பிளேட் தேய்ந்துவிட்டது” என்றார்கள். அது தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது என்று சொல்லிப் பிளேட்டை மாற்றி, முழுச் செலவையும் எங்கள் தலையில் கட்டினார்கள். மறுநாள் விடியற்காலையிலேயே அதே சுமை, அதே உதறல். கேட்டால், புது பிளேட் படியச் சில நாள் ஆகும் என்றார்கள்.

மாதவரத்தில் லாரி வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர், சுமையை இறக்க விடாமல் ஓட்டிப் பார்த்தார். கிளம்பும்போது உதறி, வேகம் பிடித்ததும் அடங்கினால் இன்ஜின் மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு), புரோபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் நீண்ட தண்டு), அதன் மூட்டான யூ.ஜே. கிராஸ், அதை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் ஆகியவற்றையும் பார்க்காமல் கிளட்சில் கை வைக்கக் கூடாது என்றார். வண்டிக்கடியில் படுத்து லிவரால் நெம்பியபோது, பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர் இரும்பு வளையத்திலிருந்து ஒரு பக்கம் பிய்ந்து, ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடுவதை டார்ச் அடித்து எனக்கே காட்டினார். பாரத்தோடு கிளம்பும்போது முறுக்கு விசை கூடுவதால் அந்த ஆட்டம் உதறலாக வெளிப்படுகிறது. நாங்கள் வற்புறுத்தி வாங்கி வைத்திருந்த பழைய பிளேட்டில், ரிவெட் தலைகளுக்கு மேல் உராய்வுப் பட்டை கனமாகவே இருந்தது, அதாவது பிளேட் தேய்ந்திருக்கவில்லை. கருகிய தடமும் இல்லை. எங்கள் வாரண்டிக் கையேட்டின்படி இலவசமாக மாற்ற வேண்டிய பேரிங்கை விட்டுவிட்டு, காசு வாங்கக்கூடிய பிளேட்டைக் கழற்றியது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆகவே வண்டியை விடும்போது கோளாறைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் “சுமையோடு கிளம்பும்போது உதறல்” என்று உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். சுமையோடு ஓட்டிப் பார்க்க வைத்து, நீங்களும் உடன் உட்காருங்கள். கழற்றிய பாகத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஷாஃப்ட்டைக் கழற்றினால், குறி போட்டு அதே நிலையில் மாட்டுகிறார்களா என்றும் கவனியுங்கள். நிலை மாறினால் புதிதாக அதிர்வு வரும்.

லோடு வண்டி வணிகத்துக்கானது, நுகர்வோர் ஆணையத்தில் செல்லாது என்றும் எங்களை மிரட்டினார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிடலாம். படங்களோடு எழுத்து மூலம் கேட்ட பிறகு பேரிங்கை வாரண்டியில் மாற்றித் தந்தார்கள், உதறலும் நின்றது. கிளட்சுக்கு வாங்கிய பணத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை பதில் இல்லை. அதற்கான புகார் மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.