காக்டெயிலுக்கு எந்தக் கூண்டு? கடலோர வீட்டில் மூன்றைப் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் காக்டெயில் (cockatiel) கிளி மின்னு இப்போது இருப்பது மூன்றாவது கூண்டில். மூன்றுமே திருவான்மியூரில், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் உள்ள வீட்டில் வருடக்கணக்கில் இருந்தவை. கூண்டு வாங்கப் போனால் எல்லோரும் அளவையும் விலையையும்தான் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் பறவையின் உயிரோடு விளையாடுவது கம்பியின் பூச்சும் கதவும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சைக்கிளி போன்ற நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றுக்குக் கூண்டே வேண்டாம். காக்டெயில் ஆஸ்திரேலிய இனம். இங்கே விற்பனைக்கு வருபவை கூண்டிலேயே பொரித்து வளர்ந்தவை.

மின்னுவை எங்களுக்குக் கொடுத்த சித்தப்பா, அது இருந்த ஜிஐ கம்பிக் கூண்டையும் சேர்த்தே கொடுத்தார். சந்தையில் அதிகம் விற்பதும் இதுதான். விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் ஜிஐ என்பது இரும்புக் கம்பி மேல் துத்தநாகப் பூச்சு. கிளி இனத்துக்கு அலகுதான் மூன்றாவது கால். ஏறும்போது ஒவ்வொரு கம்பியையும் அலகால் பிடித்துத்தான் ஏறும், சும்மா இருக்கும்போது கடித்துக்கொண்டே இருக்கும். பூச்சு துளித்துளியாக வயிற்றுக்குள் போனால் துத்தநாக நச்சு. பறவை சோர்ந்து உட்காரும், தண்ணீர் அதிகம் குடிக்கும், எச்சம் நீராகப் போகும், இரையைக் கக்கும். உப்புக் காற்றில் எங்கள் கூண்டின் கம்பிகள் வெள்ளை பூத்துவிட்டன. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். பறவை மருத்துவர் அதைப் பார்த்ததுமே கூண்டை மாற்றச் சொல்லிவிட்டார். வினிகர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் மேலே உதிரும் பொடி போகும், உண்மைதான். ஆனால் பூச்சு அப்படியேதான் இருக்கும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஜிஐ வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு.

அடுத்து வந்தது பவுடர் கோட்டிங் (பெயிண்ட் தூளைச் சூட்டில் உருக்கி ஒட்டும் பூச்சு) செய்த கூண்டு. பார்க்க அழகு, கம்பி இடைவெளியும் அரை அங்குலம். காக்டெயிலுக்கு அதுதான் சரியான இடைவெளி. முக்கால் அங்குலம் என்றால் தலை வெளியே போய்விடும், உடம்பு போகாது. அந்தப் பாதி நிலைதான் ஆபத்து. ஆனால் கதவு மேலே தூக்கித் திறக்கிற வகை. மின்னு அலகால் அதைத் தூக்கி, தலையை அடியில் நுழைக்கக் கற்றுக்கொண்டது. அலகு விட்டால் கதவு நேரே கழுத்தில் விழும். அன்றைக்கே ஒவ்வொரு கதவுக்கும் ஸ்பிரிங் கொக்கி போட்டோம். தீவனக் கிண்ணத்துக்கென்று இருக்கும் சின்னக் கதவுகளையும் விடவில்லை. அந்தக் கூண்டைக் கைவிட்டதற்குக் காரணம் வேறு. வெல்டிங் செய்த மூலைகளில் கோட்டிங் உரிந்து உள்ளே துரு தெரிந்தது, மின்னுவும் சரியாக அந்த இடத்தையே கொத்த ஆரம்பித்தது.

இப்போது இருப்பது பட்டறையில் சொல்லிச் செய்த எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்) கூண்டு. அகலம் மூன்றடி, ஆழம் இரண்டடி, உயரம் இரண்டரை அடி. கிளி பக்கவாட்டில் பறப்பதால் உயரத்தைவிட அகலம்தான் முக்கியம். கதவு பக்கவாட்டில் திறக்கும். ஏறுவதற்கு வசதியாக இரண்டு பக்கங்களில் கம்பி படுக்கைவாட்டில் ஓடும். மேலே கம்பிகள் குவிகிற வட்டக் கூண்டு வேண்டாம். அந்தக் குறுகலில் கால் விரல் மாட்டும்.

பட்டறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 என்று நம்பிவிடாதீர்கள். கேட்டுக்கும் கைப்பிடிக்கும் போடுகிற 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. விலை குறைவு, கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள், சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லுங்கள். 202 என்றால் அந்த இடம் சிவக்கும். வெல்டிங் முனைகளை வழவழவென்று தேய்த்துத் தரச் சொல்வதும் அவசியம். உள்பக்கம் முழுக்க விரலை ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

குறை இல்லாமல் இல்லை. விலை பவுடர் கோட்டிங் கூண்டைவிடப் பல மடங்கு. சக்கரம் இல்லாமல் ஒரு ஆளால் நகர்த்த முடியாது. 304 என்றாலும் மழைக்காலத்தில் வெல்டிங் ஓரங்களில் லேசாகப் பழுப்பு படியும். தேங்காய் நாரும் தண்ணீரும் போதும், போய்விடும். கடித்தால் உரிவதற்கு அதில் பூச்சே இல்லை என்ற நிம்மதி எனக்குப் பெரிது.

காக்டெயில் வைத்திருப்பவர்கள் இரவையும் யோசிக்க வேண்டும். இருட்டில் பல்லி ஓடினால்கூட இது மிரண்டு கூண்டுக்குள் தாறுமாறாக அடித்துக்கொள்ளும். முளைத்து வரும் சிறகு ஒடிந்தால் நிறைய ரத்தம் போகும். அதனால் நடுவில் எதையும் தொங்க விடுவதில்லை. பொம்மை, ஊஞ்சல் எல்லாம் ஓரம்தான். கரண்ட் போனாலும் எரிகிற மாதிரி ஒரு சின்ன பேட்டரி விளக்கு பக்கத்தில் இருக்கிறது. அது வந்த பிறகு மிரள்வது வெகுவாகக் குறைந்துவிட்டது.

கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டு, வெவ்வேறு பருமனில் கொய்யாக் கிளைகளை வைத்திருக்கிறேன். ஒரே தடிமனில் நின்றால் பாதத்தில் புண் வரும். அரளிக் கிளை மட்டும் கூடவே கூடாது, விஷம். அப்புறம், கூண்டு சமையலறைப் பக்கம் வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி அடுப்பில் காய்ந்துபோனால் வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவத்திச் சுருளும் எங்கள் வீட்டில் இப்போது இல்லை, ஜன்னல்களுக்கு வலை அடித்துவிட்டோம்.

பழைய பவுடர் கோட்டிங் கூண்டு தூக்கிப் போகிற அளவு சின்னது என்பதால், உரிந்த மூலைகளுக்கு உள்பக்கமாகத் தடுப்பு கட்டி, மருத்துவரிடம் போகும்போது மட்டும் பயன்படுத்துகிறோம். ஜிஐ கூண்டைக் கேட்டு வந்தவர்கள் உண்டு. யாருக்கும் கொடுக்காமல் பழைய இரும்புக்குப் போட்டோம்.