எட்டு ஆண்டுகள் கட்டணம் வாங்கிக்கொண்டு, திறக்க முடியாத கோப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள்

வணிகத் தரவுத்தளங்களை நீண்டகாலம் பாதுகாத்துத் தருவதாகச் சொல்லும் ஒரு காப்பகச் சேவையிடம், ஆண்டுக்கு அறுபதாயிரம் வீதம் எட்டு ஆண்டுகளில் 4,80,000 கொடுத்து ஏமாந்திருக்கிறேன். அவர்களுடைய கடைசி மின்னஞ்சல் நேற்று மாலைதான் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய சர்வரை அணைத்துவிடுங்கள், பதிவுகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி விற்கும் வகையைச் சேர்ந்த நிறுவனம் என்ற அளவில் தெரிந்தால் போதும். இதே நிலையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவற்றை இறுதியில் விரிவாகத் தருகிறேன்.

இயந்திரங்களை விற்றுப் பராமரிக்கும் சிறு தொழில் என்னுடையது. 2003 முதல் 2016 வரையிலான விற்பனை, உத்தரவாதம், பழுதுபார்ப்பு, பாக்கி அனைத்தும் ஒரே மென்பொருளில், மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் 2000 பதிப்பில் இருந்தன. எங்களுக்கான அந்த மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுப் போய்விட்டார். சர்வரோ எந்த நாளில் நின்றுவிடும் என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது. புதிய மென்பொருளுக்கு மாறிய பிறகு பழைய பதிவுகளை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோதுதான், 2017-இல், இவர்களுடைய ஆள் வந்தார்.

நான் நம்பிய அந்தக் கணத்தை இப்போது நினைத்தாலும் என் மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது. பழைய வாடிக்கையாளர் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள் என்றார், சொன்னேன். தம்முடைய மடிக்கணினியில் அந்தப் பெயரைத் தட்டினார். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியல், தேதி, தொகை எல்லாம் திரையில் வந்து நின்றன. "சார், இனிமேல் இது எங்கள் பொறுப்பு, நீங்கள் அந்த அறையைப் பூட்டிவிடலாம்" என்றார். நான் பார்த்தது, என்னிடமிருந்து எடுத்த காப்புநகலை அதே பழைய பதிப்பில் ஏற்றிவைத்த ஒரு காட்சி மட்டுமே என்பது அன்று எனக்குப் புரியவில்லை. எஸ்க்யூஎல் சர்வர் 2000-க்கான ஆதரவு 2013 ஏப்ரலிலேயே முழுமையாக முடிந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் இருந்ததில் வியப்பில்லை, இதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? அந்த வாரமே சர்வரைக் கழித்துக் கட்டினேன், பழைய மென்பொருளோடு சேர்த்து.

2011-இல் விற்ற ஓர் இயந்திரத்துக்கு நீட்டித்த உத்தரவாதம் உண்டு என்று ஒரு வாடிக்கையாளர் அண்மையில் வாதிட்டார். எட்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் கட்டி முடித்திருந்த தைரியத்தில், அந்தப் பதிவைக் கேட்டு எழுதினேன். முதல் வாரம் ஒரு டிக்கெட் எண் வந்தது. இரண்டாம் வாரம் தொழில்நுட்பக் குழு ஆராய்கிறது என்றார்கள். பிறகு .பேக் என்ற நீட்சியுடைய ஒற்றைக் கோப்பை, அதாவது எஸ்க்யூஎல் சர்வரின் காப்புநகலை, அனுப்பினார்கள். எங்கள் அலுவலகத்தில் இப்போதுள்ள பதிப்பில் அது ஏறவே இல்லை. 2012 பதிப்பு முதற்கொண்டு, எஸ்க்யூஎல் சர்வர் 2000-இல் எடுத்த காப்புநகலை நேரடியாக மீட்டெடுக்க முடியாது. தொலைபேசியில் கேட்டபோது, மேலாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், கோப்பில் ஒரு பிட் கூட மாறவில்லை, செக்சம் (கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) அப்படியே பொருந்துகிறது, திறக்காமல் போனது உங்களுடைய பழைய மென்பொருளின் குறை என்றார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். "கோப்புகளைப் பாதுகாத்தல்" என்றுதான் இருக்கிறது, "தரவைப் படிக்கும் நிலையில் தருதல்" என்று ஓரிடத்திலும் இல்லை. 4,80,000 கொடுத்து நான் வாங்கியது ஒரு வன்தட்டின் மூலையை மட்டுமே.

விடாமல் எழுதிய பிறகு, நல்லெண்ணத்தின் பேரில் என்ற முன்னுரையோடு, அட்டவணைகளை சிஎஸ்வி கோப்புகளாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்புகளாக, மாற்றி அனுப்பினார்கள். தமிழில் பதிந்திருந்த பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி வரிசைகளாக மாறியிருந்தன; தவறான குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்) ஏற்றுமதி செய்து இப்படிக் கேள்விக்குறிகளாகிவிட்டால், அந்தக் கோப்பிலிருந்து எழுத்துகளை மீட்கவே முடியாது. 000417 என்ற உதிரிபாக எண் 417 ஆகியிருந்தது. வெற்றாக விடப்பட்ட இடத்துக்கும் மதிப்பே இல்லாத இடத்துக்கும் வேறுபாடு மறைந்துவிட்டது. எந்த அட்டவணை எதனோடு எந்தச் சாவியால் (இரண்டையும் இணைக்கும் அடையாள நெடுவரிசையால்) இணைகிறது என்ற தகவல் சிஎஸ்வியில் இருக்கவே இருக்காது. இருநூற்றுக்கு மேற்பட்ட அட்டவணைகளை உதிரி உதிரியாகக் கையில் கொடுத்தால் நான் எதை எதோடு பொருத்துவது?

பிறகு எனக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவர், அந்தக் காப்புநகலை முதலில் எஸ்க்யூஎல் சர்வரின் 2008 ஆர்2 பதிப்பில் மீட்டெடுத்து, அங்கிருந்து புதிய பதிப்புக்கு ஏற்றினார். அரை நாள் வேலை. முடியாது என்று அவர்கள் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த வேலை அது! ஆனால் திறந்து பார்த்தபோதுதான் உண்மையான இழப்பு தெரிந்தது. உத்தரவாதப் பதிவில் நிலை என்ற நெடுவரிசையில் 4 என்றும் 7 என்றும் எண்கள் மட்டுமே இருக்கின்றன. 7 என்றால் நீட்டிப்பா, ரத்தா என்பது தரவுத்தளத்தில் எங்கும் இல்லை, நான் தூக்கி எறிந்த மென்பொருளின் நிரலுக்குள் இருந்தது. எறிந்தது என் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அறையைப் பூட்டச் சொன்ன அந்த ஆள் இதை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

இதற்கு வழியே இல்லை என்பதும் பொய். சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் உருவாக்கிய சியார்ட் என்ற திறந்த வடிவம், தரவை எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவமாகவும் அட்டவணை அமைப்பையும் சாவிகளையும் அவற்றுக்கான விளக்கங்களையும் சேர்த்தும், ஒரே ஜிப் கோப்பில் வைக்கிறது. எந்த நிறுவனத்தின் பதிப்பையும் சார்ந்து நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நெடுவரிசையின் பொருளையும் எழுதிவைக்க அதில் இடம் உண்டு, எழுத வேண்டியவர் மட்டும் நாம்தான். பழைய மென்பொருள் ஓடிக்கொண்டிருந்த 2017-இலேயே இதைச் செய்திருந்தால் 7-க்குப் பொருள் கிடைத்திருக்கும். இதைச் சுட்டிக்காட்டியபோது, நேற்றைய மின்னஞ்சலில், "அது எங்கள் சேவையின் எல்லைக்குள் வராது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். 4,80,000-ஐத் திருப்பிக் கேட்டதற்குப் பதிலே இல்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. காப்புநகலையும் காப்பகத்தையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, வேறொரு கணினியில், அப்போதைய பதிப்பில், உங்கள் கண்முன் மீட்டெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தத்திலும் அதை எழுதி வாங்குங்கள். குறியீட்டு எண்களின் பொருளைப் பழைய மென்பொருளை அணைப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். காந்த நாடாவில் வைத்திருப்பவர்கள் படிக்கும் கருவி இருக்கிறதா என்றும் பாருங்கள்; எல்டிஓ என்ற நாடா வகையில், எட்டாம் தலைமுறைக் கருவி (எல்டிஓ-8) ஆறாம் தலைமுறை நாடாவை (எல்டிஓ-6) படிக்காது.

அந்த 4-க்கும் 7-க்கும் பொருள் தெரிந்த பழைய ஊழியர் ஒருவருடைய எண்ணை இப்போதுதான் தேடிப் பிடித்திருக்கிறேன். அவரை அழைக்க வேண்டும்.