ஃப்ளாஷுக்கு ஆரஞ்சு ஜெல்: ஆறு வருடப் பழக்கம்

மதுரைப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஃப்ளாஷ் தலையில் ஆரஞ்சு ஜெல் (நிறம் போட்ட மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்) மாட்டத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. அது இல்லாமல் இப்போது மண்டபத்துக்குள் காலே வைப்பதில்லை.

காரணம் ஒரு வரவேற்பு ஆல்பம். மேடை முழுக்க மஞ்சள் பல்பு, நான் வெறும் ஃப்ளாஷில் எடுத்திருந்தேன். பொண்ணோட அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "நலங்கு மஞ்சள்கூடத் தெரியலயே தம்பி, வெளுத்துப் போயிருக்காளே" என்றார். அவர் சொன்னது சரிதான். முகம் நீலம் கலந்த வெள்ளை, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் ஆரஞ்சு. கம்ப்யூட்டரில் பின்னணியைச் சரி செய்தால் முகம் இன்னும் நீலமாகிறது, முகத்தைச் சரி செய்தால் பின்னணி செங்கல் நிறத்துக்குப் போகிறது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். ஃப்ளாஷ் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 3000 பக்கம். இரண்டையும் ஒரே ஒயிட் பேலன்ஸில் (எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் காட்டணும் என்று கேமராவுக்குச் சொல்லும் அளவு) அடக்கவே முடியாது. ஜெல் போட்டு ஃப்ளாஷையும் மஞ்சளாக்கிவிட்டால், அப்புறம் கேமராவில் ஒரே அளவு வைத்தால் போதும்.

இந்த ஆரஞ்சு ஜெல்லுக்கு சிடிஓ (CTO) என்று பெயர், அடர்த்தியைப் பொறுத்து முழு, அரை, கால் என்று வரும். முதலில் முழு சிடிஓ வாங்கினேன். அது ஃப்ளாஷை 3000 பக்கம் இறக்கி பல்போடு அப்படியே பொருத்திவிடும், ஆனால் படத்தில் ராத்திரிக் களையே போய்விடுகிறது, ஏதோ பகலில் எடுத்தது மாதிரி எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். எனக்குப் பிடித்தது அரை சிடிஓ. கம்பெனியைப் பொறுத்து 3400லிருந்து 3800 வரை வரும். ஒயிட் பேலன்ஸை 3600இல் கையால் வைத்துவிடுவேன், ஆட்டோவில் விடுவதே இல்லை. முகம் சுத்தமாக இருக்கும், பின்னணியில் கொஞ்சம் மஞ்சள் தங்கும், குத்துவிளக்கு குத்துவிளக்காகவே தெரியும்.

வெளிச்சம் அரை ஸ்டாப் அளவுக்கு, அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, குறையும். டிடிஎல்லில் (ஃப்ளாஷ் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் முறை) கேமராவே பார்த்துக்கொள்ளும், மேனுவலில் நாம்தான் ஏற்ற வேண்டும். ஃபுல் பவரில் விடாமல் அடித்தால் ஷீட்டின் நடுப்பகுதி சூட்டில் சுருங்கி வெளிறிவிடும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள். நான் ரப்பர் பேண்டில்தான் மாட்டுகிறேன், ஓரத்தில் இடைவெளி விட்டால் அந்த வழியாக வெள்ளை வெளிச்சம் கசிந்து பாதிப் பலன் போய்விடும்.

சிக்கல் முகூர்த்தத்தில்தான். அதிகாலை ஐந்து மணிக்கு அரை சிடிஓ அருமையாக ஓடும், ஆறரைக்கு ஜன்னல் வழியாக விடியல் வந்ததும் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எல்லாம் நீலமாகிவிடுவார்கள். அப்போது கால் சிடிஓவுக்கு மாறி ஒயிட் பேலன்ஸை 4500 பக்கம் ஏற்றுவேன், நன்றாக விடிந்ததும் ஜெல்லைக் கழற்றிவிடுவேன். தாலி கட்டும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். மேடையில் ஊதா, பச்சை எல்இடி சுழலவிட்டிருந்தால் எந்த ஜெல்லும் உதவாது, லைட்காரரிடம் போய் "அண்ணே, சடங்கு முடியுற வரைக்கும் அணைச்சு வைங்க" என்று கேட்பதுதான் வழி, பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

சோதித்துப் பார்க்கத் தனியாக கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்க வைக்கும் சாம்பல் நிற அட்டை) எடுப்பதில்லை. வேட்டி கட்டிய யாரையாவது பல்புக்குக் கீழே நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி, ஃப்ளாஷ் பட்ட முன்மடிப்பையும் பல்பு மட்டும் பட்ட பக்கமடிப்பையும் பார்ப்பேன். பக்கமடிப்பில் லேசாக மஞ்சள் இருந்து முன்மடிப்பில் நீலம் துளியும் இல்லையென்றால் வேலையைத் தொடங்கிவிடுவேன்.