அப்பாவின் .315 ரைஃபிள்: பழுதுபார்த்துச் சில வருடங்கள் கழித்து

பழைய ரைஃபிளோடு கடைக்குள் நுழைந்தால் பல கடைக்காரர்களின் கண் முதலில் போவது அதன் மரக்கட்டையின் மேல்தான். பாலிஷ் போடலாம், புளூயிங் பண்ணி (இரும்புக்கு நீலக்கறுப்பு நிறம் ஏற்றி) புதுசாக்கிடலாம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். சுட்டால் ஆபத்தில்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் நாம் போயிருப்போம். பெங்களூரில் இரண்டு கடைகளில் நான் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

அப்பா ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு லைசென்ஸ் எடுத்து வாங்கிய துப்பாக்கி இது. இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு, .315 போர், அதாவது குழலின் உள்ளளவு. பார்ப்பவர்கள் எல்லாம் "மிலிட்டரி துப்பாக்கியா?" என்று கேட்பார்கள். பாதி உண்மைதான். போல்ட்டும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னால் பூட்டும் உருளை) பாடியும் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டு வம்சம், அதாவது போலீஸ்காரர் தோளில் பார்த்துப் பழகிய த்ரீ நாட் த்ரீயின் (.303) தம்பி. .303 தடை செய்யப்பட்ட போர் என்பதால் சாதாரண லைசென்ஸில் வைத்துக்கொள்ள முடியாது, .315 வைத்துக்கொள்ளலாம். மேகசினில் பத்துக்குப் பதில் ஐந்து தோட்டா. அப்பாவுக்குப் பிறகு என் பெயருக்கு மாற்ற இன்ஃபன்ட்ரி ரோடு கமிஷனர் அலுவலகத்துக்கு அலைந்தது தனிக்கதை, அது இங்கே வேண்டாம்.

முதல் கடையில் கட்டையைப் பளபளவென்று ஆக்கித் தந்தார்கள். வீட்டில் வந்து பார்த்தால் முன்கட்டையின் பின்முனையில் மயிரிழை போல ஒரு விரிசல். இந்த வகைத் துப்பாக்கியில் பின்கட்டையைப் பிடித்திருப்பது உள்ளே ஓடும் ஒரு நீளமான திருகாணி. அதன் சதுர நுனி பாடியைத் தாண்டி முன்கட்டைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்தத் திருகாணியைத் திருகினால் சதுர முனை மரத்தைப் பிளந்துவிடும். லீ-என்ஃபீல்டு தெரிந்த எவரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இது. பில்லில் மட்டும் 'முழு சர்வீஸ்' என்று போட்டிருந்தார்கள்.

அப்புறம் ஒரு நண்பர் கண்டோன்மென்ட் பக்கம் இருக்கும் ஒரு வயதான பாயிடம் அனுப்பினார். லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித். 1959 ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கவும் லைசென்ஸ் வேண்டும், லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளும் வேலை இல்லை இது. லைசென்ஸையும் துப்பாக்கி நம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதிய பிறகுதான் கையில் வாங்கினார். "போல்ட்டக் கழட்டுங்க சார், கட்டைய அப்புறம் பார்ப்போம்" என்றார். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஹெட்ஸ்பேஸ் பார்க்க. பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு பேரலில் போய் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. அளவுக்கு மேல் போனால் சுடும்போது பித்தளைக் கூடு இழுபட்டு, அடிப்பக்கம் அறுந்துகூடப் போகும். அறுந்தால் சூடான காஸ் முகத்துக்கு வரும். நான் கொண்டுபோயிருந்த பழைய காலிக் கூடு ஒன்றினுள் நுனி வளைத்த கம்பியை விட்டு மெதுவாக மேலே இழுத்தார். அடியிலிருந்து சற்று மேலே கம்பி 'டிக்' என்று சிக்கியது. என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே சுற்றிலும் ஒரு பள்ளம், கூடு இழுபட்டதற்கான தடயம். இடைவெளி அளவு மீறியிருக்கிறதா என்று பார்க்கும் நோ-கோ கேஜை வைத்தபோது பூட்டிக்கொள்ளக் கூடாத போல்ட் வழுக்கிக்கொண்டு பூட்டியது.

நல்லவேளை, லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் தலை தனியாகத் திருகிக் கழற்றும்படி இருக்கும். நம்பர் 4 மாடலுக்கு 0 முதல் 3 வரை அளவெண் போட்டே தலைகள் உண்டு. நம்முடையது அதற்கு முந்தைய நம்பர் 1 வழி வந்தது, அதில் எண் கிடையாது. டப்பாவில் இருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, சரியாகப் பொருந்தியதை மாட்டினார். கட்டைக்கு முதல் கடையில் நான் கொடுத்ததில் கால்வாசிகூட அவர் வாங்கவில்லை.

பேரலில் லேசான துருக்குழிகள். பழைய தோட்டாக்களின் பிரைமர் (அடியில் தீப்பொறி தரும் மருந்து) உப்புப் படிவை விட்டுப்போகும், அது ஈரத்தை இழுக்கும், எண்ணெய் மட்டும் போட்டால் போகாது. முதலில் வெந்நீர், பிறகு எண்ணெய் என்றார். காலித் துப்பாக்கியை காக் செய்து (சுடத் தயார் நிலைக்கு இழுத்து வைத்து) ரப்பர் சுத்தியலால் அங்கங்கே தட்டியும் பார்த்தார், ட்ரிகர் தானாக விடவில்லை.

அதன்பின் ஷூட்டிங் கிளப்பில் அவ்வப்போது சுட்டிருக்கிறேன். கூடுகளில் கம்பி சிக்குவதில்லை. விரிசலுக்குப் போட்ட ஒட்டு ஒரு மழைக்காலத்தில் விட்டு, மறுபடி ஒட்ட வேண்டியிருந்தது. மரவேலையில் பாய் அவ்வளவு கெட்டி இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேர்தல்தான் பெரிய தொல்லை. 2023 சட்டசபை, 2024 மக்களவை, இரண்டு முறையும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னார்கள். முதல் தடவை உறையோடு கொடுத்தேன், துணி ஈரத்தை உறிஞ்சி பேரலின் மேல் துரு கட்டித் திரும்பி வந்தது. அடுத்த முறை உறை இல்லாமல் கிரீஸ் தடவி, லைசென்ஸ் உள்ள டீலரிடம் ரசீது போட்டுக் கொடுத்தேன். சின்ன வாடகை கேட்டார், துரு இல்லாமல் வந்தது.