எந்தச் சைக்கிள் செலவைக் குட்டி போடும்? வன்னித் தெருவுக்கு நான்கு தெரிவுகள்

சைக்கிள்களை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக எடை, கியர், பிறேக், விலை என்று வரிசையாகப் போவார்கள். நான் பார்க்கப் போவது வேறொரு கணக்கு. ஒரு சைக்கிளை வாங்கிய பிறகு, அது இன்னும் என்னென்ன வாங்கச் சொல்லி உங்களைப் பிடுங்கும்? கடையில் கொடுக்கும் விலை ஒரே தடவையோடு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் வரும் புதுச் சீற், புது ரயர், கைபேசியைக் கொழுவும் கிளிப், கையுறை, கறுப்புக் கண்ணாடி இவற்றுக்கு முடிவே கிடையாது. சைக்கிள் பைத்தியங்களிடையே உலகம் முழுக்க ஒரு பகிடி உண்டு: ஒருவருக்குத் தேவையான சைக்கிள்களின் சரியான எண்ணிக்கை, இப்போது இருப்பதோடு இன்னொன்று. இந்தப் பகிடிக்குச் சிரிக்கிறவர் அநேகமாக அந்த இன்னொன்றைப் பார்த்து வைத்திருப்பார்.

முதலில் நிலத்தைச் சொல்லவேண்டும். இலங்கையின் வடக்கே இருக்கும் வன்னியில் சைக்கிள்காரனுக்கு ஏற்றம் என்று ஒன்று இல்லை. வவுனியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீற்றர் உயரம். அங்கிருந்து ஏ9 நெடுந்தெரு வழியே ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி தாண்டிப் பரந்தனுக்கு வந்தால் கிட்டத்தட்டக் கடல் மட்டம். அவ்வளவு நீளத் தெருவில் அந்த 100 மீற்றர் கரைந்து காணாமல் போய்விடும். இங்கே ஆளை வதைப்பவை வேறு. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று, கிரவல் தெருவின் செம்புழுதி, நெருஞ்சி, உடைமுள், இருட்டில் தார்த்தெருவில் படுத்திருக்கும் மாடு, சில இடங்களில் யானை.

ஆனால் ‘அப்கிரேட்’ என்று உலகச் சந்தையில் விற்பதில் பெரும்பங்கு எடையைக் குறைக்கும் சாமான். எடை கடிப்பது மலையில். சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும்போது 1 கிலோ கூடினாலும் குறைந்தாலும் கால் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இரணைமடு அணைக்கட்டு வழியே ஓடப்போகிறவர் ஒரு லீற்றர் தண்ணீரைக் குடித்துவிட்டு வெறும் போத்தலோடு வெளிக்கிட்டால் சைக்கிளில் அதே 1 கிலோ இலவசமாகக் குறையும். உலகப் போட்டிகளை நடத்தும் சர்வதேச சைக்கிள் ஒன்றியம்கூட 2000ஆம் ஆண்டிலிருந்து 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை ஓடவிடுவதில்லை. அமெரிக்கச் சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பொன்ரேகர் சொன்னதாக ஒரு வாசகம் உண்டு: உறுதி, இலேசு, மலிவு, மூன்றில் இரண்டைத் தெரிவுசெய். வன்னியில் எந்த இரண்டு என்பதற்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை.

சரி, நான்கு தெரிவுகள்: கம்பிப் பிறேக் போட்ட பழைய 28 அங்குலச் சைக்கிள், யப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள், 21 கியர் மவுண்டன் சைக்கிள், ரேஸ் சைக்கிள்.

பழைய 28 அங்குலச் சைக்கிள், எங்கள் ஊரில் பெரும்பாலும் லுமாலா, ஆசையைத் தூண்டுவதில் நான்கிலும் கடைசி. அதற்கு வாங்க என்ன இருக்கிறது? ஒரே பல்லுச் சில்லு, ஒரே அளவுச் செயின், 28 x 1½ ரயர், ரப்பர்க் குழாய் போட்ட வால்வு. எந்தச் சந்தியிலும் கிடைக்கும். எந்தக் கொம்பனியின் சாமானும் எந்தக் கொம்பனிச் சைக்கிளிலும் ஏறும். வருடத்துக்கு ஒருக்கால் கழுவிப் பூட்டினால் போதும். குண்டுகளை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் அடைத்து, பக்கிள் எடுத்து (சில்லின் கோணலை நிமிர்த்தி), செயினுக்கு எண்ணெய் விட்டுத் தரும்போது சைக்கிள் புதிதாகவே ஓடும். அந்த வேலைக்கு நீங்கள் கொடுக்கும் கூலி, கடைக்கார அண்ணையின் கைக்குத்தான் போகிறது.

ஆசை அந்தக் காலத்திலும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஹாண்டிலில் குஞ்சம், சில்லுக் கம்பியில் கலர் மணி, மட்காட்டின் நுனியில் படம் போட்ட ரப்பர்த் தட்டு, இரண்டு பக்கமும் கண்ணாடி. இவற்றைப் பூட்டிக்கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போன ஆட்கள்தான் இன்றைக்கு கார்பன் சில்லைப் பார்த்துத் தலையில் அடிக்கிறார்கள். பிறகு போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்ட அந்த வருடங்களில் சைக்கிளே லொறி, சைக்கிளே அம்புலன்ஸ். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். அப்போது ஒருவர் சைக்கிளுக்கு ஏதாவது வாங்கினார் என்றால் அது இல்லாமல் ஓடாது என்று அர்த்தம்.

குறை இல்லையா? இருக்கிறது. இரும்பு றிம் நனைந்தால் கம்பிப் பிறேக் பிடிப்பதற்கு நல்ல நேரம் பார்க்கவேண்டும். பாரமும் கூட. காற்றுக்கு எதிரே ஒரே கியர் முழங்காலைப் பிழிந்துவிடும். பரந்தனிலிருந்து பூநகரிப் பக்கம் மேற்கே மிதிக்கிறவர் வெட்டவெளியில் சோளகத்தை முகத்திலும் இடப்பக்கத்திலும் வாங்கியாக வேண்டும். இதற்கு மருந்து மலிவானது: பின்பக்கப் பிறீவீலை 18 பல்லிலிருந்து 20 பல்லுக்கு மாற்றுங்கள். மிதி பத்தில் ஒரு பங்கு இலேசாகும், வேகமும் அதே அளவு குறையும். செயின் எட்டாவிட்டால் ஒரு கண்ணி சேர்க்கவேண்டி வரும். இந்த நிலத்துக்கென்றே செய்யும் அப்கிரேட் என்று நான் சொல்லக்கூடியவை மிகச் சில; முதலாவது இது.

யப்பான் சைக்கிளைப் பற்றி ஊரில் ஒரு ஏளனம் உண்டு. முன்னுக்குக் கூடை, தாழ்ந்த பார், பார்த்தால் பொம்பிளைச் சைக்கிள். ஏளனம் செய்கிறவர்கள் பின்சில்லின் நடுவைக் குனிந்து பார்ப்பதில்லை. பல சைக்கிள்களில் அதற்குள்ளேயே மூன்று கியர் பூட்டியிருக்கும். பாரமான கியருக்கும் இலேசான கியருக்கும் இடையே ஏறத்தாழ 1.86 மடங்கு வித்தியாசம். மூடிய டப்பாவுக்குள் இருப்பதால் செம்புழுதி உள்ளே போகாது. சோளகத்துக்கு ஒன்று, சும்மா ஓட ஒன்று, வாடை முதுகில் தள்ளும்போது ஒன்று. வன்னிக்கு வேறு என்ன வேண்டும்? சிலதில் முன்சில்லின் நடுவிலேயே டைனமோவும் இருக்கும். உரசுகிற சத்தம் இல்லாமல் விளக்கு எரியும். இத்தனையும் ஏற்கெனவே பூட்டி வருவதால் மேலும் வாங்கத் தூண்டாது. இரண்டு எச்சரிக்கை. பின்பக்கப் பட்டிப் பிறேக் பழசானால் அடுத்த குறிச்சிக்குக் கேட்கும்படி கத்தும். ரயர் அளவை வாங்கும்போதே பாருங்கள்: 26 x 1⅜ என்றால் பயமில்லை, 27 அங்குலம் என்றால் ஊர்க்கடையில் தேடி அலைய வேண்டிவரும்.

மவுண்டன் சைக்கிள் கண்ணைக் கவரவே செய்யப்பட்டது. பெடியள் முதலில் கேட்பது அதைத்தான். 21 கியர் என்பது முன்னுக்கு 3, பின்னுக்கு 7 என்ற பெருக்கல் கணக்கு. அதில் பல கியர்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும். மலிவான சஸ்பென்சன் ஃபோர்க்கில் இருப்பது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் ஒருதரம் அமுங்கி இரண்டு தரம் எம்பும், எழுந்து மிதித்தால் உங்கள் பலத்தில் ஒரு பங்கை அது தின்னும். முள்ளுமுள்ளான ரயர் தார்த்தெருவில் ‘றொய்ங்’ என்று பாடிக்கொண்டே வேகத்தைக் குடிக்கும். இந்தச் சைக்கிளுக்கு உண்மையில் செய்யவேண்டிய முதல் வேலை, அந்த ரயரைக் கழற்றிவிட்டு அகலமான வழுவழுப்பு ரயர் போடுவது. ஆனால் அதை வாங்க எவருக்கும் ஆசை வருவதில்லை. ஆசை போவது டிஸ்க் பிறேக்குக்கும் தங்க நிறச் செயினுக்கும்தான். சாமான் மலிவு என்பதால் குட்டிகளும் சின்னச் சின்னதாகவே வரும். ஆனால் வந்துகொண்டே இருக்கும்.

இனி ரேஸ் சைக்கிள். இந்த அலசலே இதற்காகத்தான்.

மற்ற மூன்றிலும் ஒரு சாமானை மாற்றினால் அதோடு வேலை முடியும். இதில் ஒன்றை மாற்றினால் அது அடுத்ததைக் கேட்கும். பின்பக்கம் 10 பல்லுச்சில்லு இருந்த சைக்கிளை 11 ஆக்க நினைக்கிறீர்கள் என்று வையுங்கள். 11 சில்லுக் கசெற் (பின்பக்கப் பல்லுச்சில்லுகளின் அடுக்கு) ஏற, சில்லின் நடுக்குடம் 1.85 மில்லிமீற்றர் நீளமாக இருக்கவேண்டும். அந்த 1.85 மில்லிமீற்றருக்காகப் பலர் முழுச் சில்லையும் மாற்றுகிறார்கள். பிறகு செயின் ஒல்லியானது வேண்டும். கியர் மாற்றும் பிடி புதிது, செயினைச் சில்லுக்குச் சில்லு தள்ளும் டெரெய்லர் புதிது. எல்லாம் வந்து சேரும்போது 12 வந்துவிட்டது. யப்பானியச் சாமான் கொம்பனி ஷிமானோ 2021இல் தன் உச்ச வரிசை டூரா-ஏஸை 12 ஆக்கியபோது கேபிளையே விட்டுவிட்டு மின்சாரக் கியராக மட்டும் விட்டது. அதாவது கியரையும் இரவில் சார்ஜில் போடவேண்டும். இத்தாலியக் கொம்பனி கம்பக்னோலோ அதற்கு ஒரு வருடம் முன்பே 13 சில்லு கொண்டுவந்துவிட்டது. எண்ணிக்கை இனியும் ஏறும். ஒவ்வொரு படியும் கீழ்ப்படியில் நிற்கிறவரைப் பழசாக்கும். அவருடைய சைக்கிள் நேற்று ஓடிய மாதிரியே இன்றைக்கும் ஓடும் என்பது வேறு கதை.

சில்லும் அப்படித்தான். உயரமான விளிம்பு கொண்ட கார்பன் சில்லு ஒரு சோடிக்குக் கேட்கும் காசில் வயலுக்கு ஒரு பழைய லாண்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்) பார்க்கலாம். அது காற்றைக் கிழிக்கும் என்பது உண்மை. ஆனால் காற்று எதிர்க்கும் விசையில் எழுபது எண்பது சதவீதம் சைக்கிளுக்கு இல்லை, மேலே இருக்கும் ஆளுக்கு. முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலம் போன்ற வெட்டவெளியில் பக்கக் காற்று அடித்தால் அந்த உயரமான விளிம்பு ஆளையே ஓரத்துக்குத் தள்ளும். சேட்டுப் பொத்தானைப் பூட்டி, முழங்கையைக் கொஞ்சம் மடித்து, தலையைத் தாழ்த்தினால் கிடைக்கும் இலாபம் பெரிது. அதற்கு ரசீதும் இல்லை, கூரியரும் இல்லை.

கிளிப் சப்பாத்தை இரண்டு வரியில் முடிக்கலாம். காலைப் பெடலோடு பூட்டினால் பலம் மிச்சம் என்பார்கள். சாதாரண வேகத்தில் உடல் செலவழிக்கும் சக்தியை ஆய்வுகூடத்தில் அளந்தபோது தட்டைப் பெடலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாய்க்கால் வரம்பில் ஒருதரம் இறங்கி ஏறினால் அந்தக் கிளிப்புக்குள் களிமண் அடைத்துக்கொள்ளும், பாட்டாச் செருப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. பஞ்சு வைத்த இறுக்கக் காற்சட்டையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். நீண்ட தூரத்துக்கு அது நியாயமான செலவு. முறிகண்டியில் கச்சான் வாங்க இறங்கும்போது ஆட்கள் பார்க்கும் பார்வைக்கு, மேலே ஒரு சாரத்தைக் கட்டினால் சரி.

முள்ளுப் பிரச்சினைக்கு இரண்டு தீர்வுகள் மோதுகின்றன. இங்கே எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. ரியூப் இல்லாத ரயருக்குள் பால்போன்ற திரவம் விட்டால், நெருஞ்சி குத்திய துளையை அது தானே அடைக்கும். குளக்கட்டு, காட்டுப் பாதை ஓடுகிறவருக்கு இது பெரிய நிம்மதி. பந்தா என்று தள்ளமுடியாது. ஆனால் திரவம் காய்ந்துபோகும்; நல்ல குளிர்நாட்டிலேயே சில மாதங்களுக்கு ஒருமுறை நிரப்பச் சொல்கிறார்கள், எங்கள் வெயிலில் அதற்கும் முன்பே. ரயரை விளிம்பில் இருத்த ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும், கைப்பம்மால் ஆகாது. மறுபக்கம் சொலூசன், ஒட்டு, ஒரு துண்டு அரத்தாள்: எல்லாம் சட்டைப் பையில் அடங்கும், வேலை தெரியாதவருக்கு வழியில் எந்தக் கடையிலும் ஒட்டித் தருவார்கள். ஆகவே, வாரத்தில் பல தரம் முள்ளுக் குத்துகிற ஆளுக்கு மட்டும் திரவம். மற்றவர்களுக்கு ஒட்டு. ரேஸ் சைக்கிளின் ஒல்லி வால்வுக்குப் பூட்டும் பித்தளை அடப்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். விரல் நுனியளவு சாமான். அது இருந்தால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் எந்தக் கடையிலும் நின்று காற்றடிக்கலாம். இல்லாவிட்டால் அத்தனை விலைகொடுத்த சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும்.

விளக்கில் போட்டியே இல்லை. டைனமோவுக்கென்றே வரும் எல்.ஈ.டி. விளக்கு அதே பழைய 3 வாட்டில் மஞ்சள் குமிழைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும், சார்ஜ் தேவையில்லை. யானை நடமாடும் பாதையில் எத்தனை லூமென்ஸ் என்ற பேச்சே வேண்டாம், பொழுதுபட முன் வீட்டுக்கு வாருங்கள். தூரமளக்கும் கருவி? ஏ9 ஓரத்தில் கிலோமீற்றர் கல் நட்டிருக்கிறது.

2022 எரிபொருள் நெருக்கடி இந்த ஒப்பீட்டுக்கு ஒரு பரீட்சை வைத்தது. வரிசையில் நின்று களைத்தவர்கள் சைக்கிள் தேடினார்கள், விலை எகிறியது. மாட்டுக்கொட்டிலில் கிடந்த லுமாலாக்கள் கழுவிப் பூட்டப்பட்டு மறுநாளே வேலைக்குப் போயின. புதிதாகக் கியர் சைக்கிள் வாங்கியவர்களில் பலர் கியூஆர் அட்டையில் பெற்றோல் கிடைத்ததும் அதைச் சுவரோடு சாத்திவிட்டார்கள். ரேஸ் சைக்கிள்காரர்கள் மட்டும் அந்த நாட்களிலும் புதுச் சில்லின் விலை விசாரித்தார்கள்.

மாரி மழையில் வீட்டுக்குள் அடைபட்டு, ஓடவும் முடியாமல் கைபேசியைத் தடவுகிற மாதங்களில்தான் அரிப்புக் கூடும். பொதி வந்து சேரும்வரை இருக்கிற சந்தோசம், பூட்டிய மறுநாள் இருப்பதில்லை. ஆகவே கார்த்திகையில் தோன்றும் ஆசையைத் தைமாதம்வரை தள்ளிப்போடுங்கள். தெரு காய்ந்து, வாடைக் காற்றில் நாலு நாள் ஓடிய பிறகும் அந்தச் சாமான் நினைவிருந்தால் வாங்குங்கள்.

வாங்கும் வரிசையைக் கேட்டால்: கையில் பழைய சைக்கிள் இருந்தால் கழுவிப் பூட்டுதலும் 20 பல்லுப் பிறீவீலும். ஒன்றும் இல்லாவிட்டால் மூன்று கியர் யப்பான் சைக்கிள், 26 அங்குலம். ரேஸ் சைக்கிள் ஏற்கெனவே வீட்டில் நிற்கிறது, கனடாவிலிருந்து மச்சான் வேறு வருகிறார், என்ன கொண்டுவர என்று கேட்கிறார் என்றால், செயின் இரண்டு, பிறேக் கட்டை இரண்டு சோடி, செயின் தேய்மானம் பார்க்கும் சின்ன அளவுகோல் ஒன்று. தேய்மானம் 0.5 சதவீதம் காட்டியதும் செயினை மாற்றினால் கசெற் தப்பும். புழுதிக்குள் ஓடும் சைக்கிளுக்கு இதைவிட இலாபமான சாமான் அவருடைய பெட்டியில் வர வாய்ப்பில்லை.