எட்டடிப் பலகைக்கு எந்த ரயில்?

தர்மபுரி ஸ்டேஷன் சேலம்–பெங்களூரு வழியில் நடுவில் இருக்கிறது. ரயில் வரும், நிற்கும், போகும். என் வீட்டுச் சுவரில் அடித்த எட்டடிப் பலகையில் ஓடும் மாடல் ரயிலுக்கு அப்படி முடியாது. இரண்டு பக்கமும் பாதை முடிந்துவிடும். அதனால் ரயில் எப்படித் திரும்பி வரும் என்பதுதான் முதல் கேள்வி.

என் மாடல் ஹெச்ஓ அளவு, அதாவது 87-ல் ஒரு பங்கு. ஐசிஎஃப் பெட்டி (சென்னை பெரம்பூர் தொழிற்சாலையின் பழைய வகைப் பயணிகள் பெட்டி) ஒன்று 25 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். மூன்று பெட்டியும் இஞ்சினும் சேர்ந்தால் ஒரு மீட்டர்.

வழக்கமான ரயில் என்றால், முனையில் இஞ்சினைக் கழற்றிப் பக்கத்துத் தண்டவாளம் வழியாக மறுபக்கம் கொண்டுபோய் மாட்ட வேண்டும். இரண்டு பாயிண்ட் (ரயில் தண்டவாளம் மாறும் இடம்), இஞ்சின் ஒதுங்க ஒரு துண்டுப் பாதை என்று 70 செ.மீ. அதற்கே போய்விடும். இப்படி இஞ்சினைக் கழற்றி மாட்டும் ஷண்டிங் பிடித்தவர்களுக்கு அந்த வேலையே சுகம். அவர்கள் இதையே வைத்துக்கொள்ளலாம்.

புஷ்-புல் ரயிலில் கடைசிப் பெட்டியிலேயே டிரைவர் கேபின் இருக்கும். இஞ்சின் இடம் மாறாமல் பின்னாலிருந்து தள்ளும். மிச்சமாகும் இடத்தில் இன்னும் இரண்டு பெட்டி சேர்க்கலாம். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்பதால் திசை மாறும்போது வெள்ளை விளக்கு சிவப்பாக வேண்டும்: டிசி (தண்டவாள மின்சாரத்தின் திசையை மாற்றி ஓட்டும் முறை) என்றால் டயோடு போதும், டிசிசி (ஒவ்வொரு இஞ்சினுக்கும் எண் கொடுத்து டிஜிட்டலாக ஓட்டும் முறை) என்றால் கேபின் பெட்டிக்கும் அந்தக் கட்டளையைப் படிக்கும் ஒரு டீகோடர் வைத்து இஞ்சினின் எண்ணையே கொடுத்துவிடலாம்.

ஆனால் தள்ளும்போது எடை குறைந்த பெட்டி தடம் விட்டு ஏறும். நிஜத்திலும் இது சாதாரண விஷயமில்லை. 1984-ல் ஸ்காட்லாந்தின் போல்மாண்ட் அருகே, கேபின் பெட்டியை முன்னால் வைத்துத் தள்ளிவந்த ரயில் மாட்டின் மீது மோதித் தடம் புரண்டு 13 பேர் இறந்தார்கள். முன்னால் போன பெட்டியின் எடை குறைவு என்பதும் அதில் பேசப்பட்டது. என் பலகையில் பாயிண்ட் வளைவில்தான் அடிக்கடி விழுந்தது. அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கணக்கு 28 கிராம், அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். நம் பெட்டிக்குச் சுமார் 170. என்னுடையது 110 தான் இருந்தது. பெட்டியின் தரைக்கு அடியில் நட்டுகளை ஒட்டினேன், அப்புறம் விழவில்லை.

நம் ஊர் ரயில்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2023 டிசம்பரில் வந்த அம்ரித் பாரத் இருக்கிறது. இரண்டு முனையிலும் இஞ்சின். மாடலில் இரண்டுக்கும் மோட்டார் வைத்தால் வேகம் ஒத்துப்போக வேண்டும், செலவும் இரட்டிப்பு. ஒன்றை மோட்டார் இல்லாத வெறும் கூடாக வாங்கி எடை ஏற்றினால், அதுவே கேபின் பெட்டியின் வேலையைச் செய்துவிடும். நான் அடுத்து வாங்கப்போவது அதைத்தான்.